சினை நண்டுக்கு ஒரு நேர்ச்சை

பிப்ரவரி 6, செவ்வாய்

கத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரஷர் ஏறிக் கிடக்கிறதாம். "கோவம் வந்தா ஒரு நோட்டுல எழுதிருங்க கலிஸ்டா, பாதி குறைஞ்சிரும்" என்றார். ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்வதற்கென்ன. ஒருநாள் காலை எங்கள் கரையில் வந்து என் இடத்தில் நிற்கட்டும், அவருக்கும் ஒரு நோட்டு வாங்கித் தருகிறேன்.

என் வேலை நண்டு எடை போடுவது. கம்பெனிக்காரர்கள் எங்கள் செபஸ்தியார்புரம் கரையில் போட்டிருக்கும் கொட்டகையை வாடி என்போம். வள்ளங்கள் கொண்டுவரும் நண்டை நான் நிறுத்து வாங்குவேன். உள்ளே நவமணியும் மற்றப் பெண்களும் அவித்து, ஓடுடைத்து, சதை எடுப்பார்கள். சதை டப்பாவில் ஏறிக் கப்பலில் போய்விடும். எந்த ஊரில் யார் தின்கிறார்களோ தெரியாது.

இன்று கம்பெனி சூப்பர்வைசர் சந்தானம் வந்து வாடி வாசலில் ஒரு போர்டை மாட்டினான். 'சினை நண்டு வாங்கப்படமாட்டாது.' வயிற்றில் முட்டையோடு வரும் நண்டை இனி எடுக்கக் கூடாது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைத்தானே தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வள்ளத்து நண்டுக் கூடையை முன்பெல்லாம் இரண்டு பேர் பிடித்துத் தூக்குவோம். இப்போது நான் ஒருத்தியே இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கிறேன். முட்டையோடு அள்ளி அவித்தால் அடுத்த வருடம் கடல் எதைத் தரும்?

போர்டை மாட்டிவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கியவன் சொன்னான்: "அக்கா, லோடு மட்டும் குறையக் கூடாது. ஈஸ்டர் வரைக்கும் பாப்பாங்க. தேறலன்னா இந்த வாடிய மூடிட்டு வேற கரைக்குப் போயிருவாங்க."

"தம்பி, இப்ப வர்றதுல பாதி சினை நண்டுதான். அதை வாங்காட்டி லோடு எப்படிக் குறையாம இருக்கும்?"

"அதை நீங்கதான் பாத்துக்கணும்."

நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கடலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவள் நான்தான் போல.

பிப்ரவரி 9, வெள்ளி

ஊர்த் தலைவர் எஸ்தாக்கி அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். வலையில் சிக்கிய சினை நண்டை அங்கேயே கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன்.

"நாங்க விடுற நண்டை விசைப்படகுக்காரன் வாரிக்கிட்டுப் போவான். அவனை நிறுத்தச் சொல்லு, நாங்க நிறுத்துறோம்" என்றார்.

என் சித்தி மகன் விசைப்படகில் போகிறவன். அவனுக்குப் போன் போட்டேன். "கரையோரத்துல குஞ்சு நண்டைக்கூட விடாம அரிச்செடுக்குறது உங்க ஆளுகதானக்கா" என்றான். சந்தானத்திடம் கேட்டேன். "திங்கிறவன் கேக்குறான், நாங்க அனுப்புறோம்." போன வாரம் கூட்டம் போட வந்த மீன்வளத்துறை ஆபீசரிடமும் கேட்டிருந்தேன். விழிப்புணர்வு வர வேண்டும் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் பிலவேந்திரனிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவருக்கும் நண்டு வலைதான். மீன் முள்ளை எடுத்து வைத்துவிட்டு, "ஆண்டவர் படைச்சது, ஆண்டவர் பாத்துக்குவார். நீ ரசத்தை ஊத்து" என்றார்.

கடைசியில் ஆண்டவர் தலையில் போய் விடிந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

இன்று வந்த கூடைகளில் ஒரு சினை நண்டுகூட இல்லை. எல்லோரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று நம்ப நான் என்ன நேற்றுப் பிறந்தவளா? ஒரு பெட்டை நண்டைப் புரட்டி வயிற்று மடலைத் திறந்து பார்த்தேன். உள்ளே முட்டை ஒட்டியிருக்கும் மயிர் எல்லாம் பிய்ந்து, அறுந்து, ரத்தம் கட்டினதுபோல் இருந்தது. அடுத்ததும் அப்படியே.

வள்ளத்திலேயே வைத்து பிரஷ்ஷால் தேய்த்து முட்டையைக் கடலில் உதறிவிட்டு வருகிறார்கள். நண்டும் செத்தது, முட்டையும் செத்தது. போர்டு இல்லாத காலத்தில் நண்டை மட்டும் ஏமாற்றினார்கள், இப்போது என்னையும் சேர்த்து ஏமாற்றுகிறார்கள்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். நவமணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து மாத்திரை போட வைத்தாள். "மதினி, நீங்க விழுந்துட்டா தராசுக்கு யாரு நிப்பா?" என்கிறாள். அவள் கவலை அவளுக்கு. புருஷன் இல்லாதவள், இந்த வாடியை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

மற்றபடி: தலையணை உறை எல்லாம் துவைத்தேன். புதிதாக வாங்கிய டூத்பிரஷ் பாக்கெட்டில் ஒன்றைக் காணோம். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. நாளை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிறது. எங்கள் ஊரில் ஒறுத்தல் என்றால் ஒறுத்தல்தான். கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, எஸ்தாக்கி அண்ணன் பீடியைக்கூடத் தொட மாட்டார். போர்டை மதிக்காதவர்கள் நேர்ச்சையை மதிப்பார்கள். இந்தத் தவக்காலத்துக்குச் சினை நண்டை ஒறுத்தால் என்ன?

பங்குத்தந்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "பீடத்துல அறிவிச்சிரலாம். முழங்கால்ல நின்னு சொல்றவங்க சொல்லட்டும்" என்றார்.

தராசை ஏமாற்றலாம். செபஸ்தியாரை ஏமாற்ற எவனுக்குத் துணிச்சல் வரும்?

பிப்ரவரி 14, புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். கழுவ மனமில்லை.

பங்குத்தந்தை அறிவித்ததும் ஆண்கள் பக்கம் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர் எழுந்து நடந்து போய், செபஸ்தியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றார். என் வீட்டுக்காரர். பிலவேந்திரன். "இந்தத் தவக்காலத்துல சினை நண்டை விக்க மாட்டேன், தேய்க்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு எஸ்தாக்கி அண்ணன், அதற்குப் பிறகு ஒவ்வொருவராக.

கல்யாணமான நாளிலிருந்து இவரை எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன். இன்றைக்கு அழுதுவிட்டேன். இரவு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தேன், பிறகுதான் விபூதிப் புதன் என்று ஞாபகம் வந்தது. பூனை தின்றது.

பிப்ரவரி 18, ஞாயிறு

இந்த வாரம் வந்த ஒரு கூடையிலும் தேய்த்த நண்டு இல்லை. மடலைத் திறந்து திறந்து பார்த்தேன். லோடு பாதிக்குப் பாதி. சந்தானம் போனில் புலம்புகிறான், புலம்பட்டும்.

புது டூத்பிரஷ் வாங்கினேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். எலிக்காக.

பிப்ரவரி 24, சனி

கொடிக் கயிற்றைக் காணோம். நீலக் கயிறு, நைலான், வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. ஈரத்துணியை ஜன்னல் கம்பியிலும் நாற்காலியிலும் போட்டிருக்கிறேன். வெங்காயச் சாக்கும் இரண்டு குறைகிறது. வீட்டுக்காரரைக் கேட்டேன். "காத்துல போயிருக்கும்" என்றார். முடிச்சுப் போட்ட கயிறு காற்றில் போகிறது.

ஆனால் மனிதர் நல்ல குஷியில் இருக்கிறார். வள்ளம் கொண்டுவருவது கொஞ்சம், இருந்தும் குறை சொல்வதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறார். நேர்ச்சை செய்த மனசு லேசாகிவிடும் என்று பங்குத்தந்தை சொன்னது சரிதான்.

மார்ச் 2, சனி

மீன் தலை, குடல் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு சாயங்காலம் கிளம்பிவிடுகிறார். தென்னைக்கு உரமாம். எங்களுக்குத் தென்னை கிடையாது, கோயில் தென்னைக்காக இருக்கும். திரும்பி வரும்போது நெஞ்சுவரைக்கும் நனைந்திருக்கிறார். பூனை என் காலைச் சுற்றி அழுகிறது.

வாடியில் டப்பா கட்ட வைத்திருந்த ரப்பர் பேண்டும் காணாமல் போகிறது. பெண்கள் தலைமுடிக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்து நவமணியைத் திட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மார்ச் 9, சனி

நவமணி கேட்கிறாள்: "மதினி, அண்ணன் தெனம் கடல் முனைக்கு அந்தப் பக்கம் எதுக்குப் போறாரு?"

"செபம் பண்ணப் போறாரு" என்றேன். "தனியா சிலுவைப்பாதை செய்வாரு."

"வாளியோடவா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஊரில் ஒரு ஆம்பளை திருந்தினால் பொறுக்காது இவர்களுக்கு. இன்னொன்றும் சொன்னாள். அவர் மட்டுமில்லையாம், எஸ்தாக்கி அண்ணன், இன்னும் பலர் அந்தப் பக்கம் போகிறார்களாம். பலர் சேர்ந்து சிலுவைப்பாதை செய்தால் நல்லதுதானே.

மார்ச் 15, வெள்ளி

முனை வரைக்கும் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கால் சுட்டது. திரும்பிவிட்டேன்.

வத்தல் காயப் போட்டேன். அரிசி புடைத்தேன்.

மார்ச் 22, வெள்ளி

சந்தானம் நேரில் வந்தான். அவனும் பாவம், மேலே இருக்கிறவர்கள் அவனைப் பிடித்து உலுக்குகிறார்கள். "ஈஸ்டருக்கு மறுநா லோடு ஏத்துற வண்டி வருதுக்கா. அது நிறையலைன்னா, அடுத்து வர்ற வண்டி சாமானைத் தூக்குறதுக்குத்தான்" என்றான். அவித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள்.

அவன் போனதும் நவமணி ஓடுடைக்கிற கத்தியைக் கீழே வைத்தாள். "மதினி, நண்டு பெருகணும்னு நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அது பெருகுற வரைக்கும் நாங்க எங்க போறது? சட்டம் போட்ட கம்பெனி கஷ்டப்படல, வலை போடுறவன் பக்கத்து வாடில போய் வித்துக்குவான். நேர்ச்சை எங்க தலையிலதான் விழுந்திருக்கு."

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும் என்று இன்னொரு கோபம். வீட்டுக்கு வந்து புளியைக் கரைத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"கவலைப்படாத. வண்டி நிறைஞ்சிரும்" என்றார் வீட்டுக்காரர்.

"எப்படி நிறையும்?"

"ஈஸ்டர் வரட்டும்" என்று சிரித்தார். விசுவாசம் அவ்வளவு.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பேசக் கூடாத நாள். எழுதவும் இல்லை.

மார்ச் 30, சனி

முனைக்கு அந்தப் பக்கம் சண்டை என்று சொன்னார்கள். இந்த முறை வெயில் உறைக்கவில்லை, கடைசிவரை போனேன்.

ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றிக் கூண்டுகள். கம்பியை வளைத்து வலை கட்டிய கூண்டு, சாக்கைத் தைத்து மூடிய கூண்டு, பழைய ஃபிரிட்ஜ் கூட்டை வைத்துச் செய்த கூண்டு. எல்லாம் கடல்புல்லுக்கு நடுவே குச்சி நட்டுக் கட்டியிருந்தது. ஒரு கூண்டை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கயிற்றை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

உள்ளே நண்டு. ஒன்றன் காலை ஒன்று கவ்விக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கில் ரப்பர் பேண்ட்.

தவக்காலத்தில் சினை நண்டை விற்கவில்லை, தேய்க்கவில்லை. வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஈஸ்டர் அன்றைக்கு ஒறுத்தல் முடிந்துவிடும், வண்டி நிறைய வேண்டிய அவசரத்தில் கம்பெனி போர்டைப் பார்க்காது, திங்கட்கிழமை முட்டை எடையோடு மொத்தமாக விற்கலாம் என்று பிடித்துப் பிடித்து உயிரோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாற்பது நாள் ஆட்டுக்கறியை விட்டவன் ஈஸ்டருக்கு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் புத்திதான் நண்டுக்கும் போயிருக்கிறது. தேதி குறித்துக் கொடுத்தவள் நான்.

ஆனால் சண்டை அதற்கில்லை. என் வீட்டுக்காரர் எஸ்தாக்கி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் கூண்டுல கெடந்த நண்டையெல்லாம் தேய்ச்சு விட்டது யாரு? முட்டை ஒண்ணுகூட இல்ல. நேர்ச்சை பண்ணின ஊருல இந்த வேலை பாத்தது எவன்?"

"என் கூண்டுலயும்தான்டா இல்ல. நீதான் தெனம் வாளியத் தூக்கிக்கிட்டு வந்த."

எந்தக் கூண்டிலும் முட்டை இல்லை, கடைசியாகப் போட்ட சிலதைத் தவிர. சேலையோடு இறங்கினேன். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பிடித்த சட்டையை விட்டார். ஒரு நண்டை எடுத்துப் புரட்டி மடலைத் திறந்தேன். மயிர் ஒன்றும் பிய்யவில்லை. நுனியில் மட்டும் வடிகட்டின டீத்தூள் மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் வெறும் தோல். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. மஞ்சளாக இருக்கும் முட்டை பழுப்பாகி, கறுத்து வருவதைத் தராசில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கறுத்ததற்குப் பிறகு என்ன ஆகும் என்று பார்த்ததில்லை.

"யாரும் தேய்க்கல" என்றேன். "பொரிஞ்சிருச்சு."

"எப்படி?" என்றார் வீட்டுக்காரர்.

"முட்டைன்னா பொரியும்."

பிடித்த அன்றைக்கே விற்றுப் பழகின ஊர் இது. ஒரு நண்டை அடுத்த நாளுக்கு வைத்துப் பார்த்தவர் இங்கே யாருமில்லை. நானும்தான் பார்த்ததில்லை.

எஸ்தாக்கி அண்ணன் சட்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அப்ப முட்டையோட எடை போனதுதானா?"

நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கெஞ்சி, சண்டை போட்டு, ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டு, சாமியை நடுவில் இழுத்து என்னால் செய்ய முடியாததை, என்னை ஏமாற்றப் போய் இவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். அதுவும் என் கொடிக் கயிற்றில்.

மார்ச் 31, ஈஸ்டர்

பிரசங்கத்தில் பங்குத்தந்தை எங்கள் நேர்ச்சையைப் புகழ்ந்தார். கடலில் கோடி உயிர் பிறந்திருக்கிறது என்றார். அவரிடம் யார் எப்படிச் சொன்னார்களோ. என் வீட்டுக்காரர் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது இரண்டு பேர் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

வீட்டில் கறி சமைத்தேன். அவருக்கு மட்டும் எலும்பாகப் பார்த்துப் போட்டேன்.

ஏப்ரல் 1, திங்கள்

வண்டி நிறைந்தது. கூண்டுகளில் பொரித்து முடித்ததெல்லாம் வந்து சேர்ந்தது, எல்லாம் முட்டையில்லாத நண்டு, போர்டுக்கு விரோதமில்லை. சந்தானம் என்னைப் போர்டுக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தான். மேலே அனுப்புவானாம். "வாடி இருக்கும்க்கா, இந்த சீசனுக்குப் பயமில்ல." நவமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகச் சிரித்தேன்.

வண்டி போன பிறகு வீட்டுக்காரரின் வள்ளம் வந்தது. அன்றைக்குப் பிடித்த கூடையைத் தராசில் வைத்தார். மேலே கிடந்த நண்டின் வயிற்றில் மஞ்சள் முட்டை தளதளவென்று இருந்தது.

"என்னது இது?"

"ஈஸ்டர் முடிஞ்சு போச்சே" என்றார். "போர்டைப் பாக்காத. அதான் லோடு நிறைஞ்சிருச்சுல்ல, ஒரு கூடைய யாரு கேக்கப் போறா?"

தராசின் சுவிட்சை அணைத்துவிட்டேன். கரையில் நின்ற எல்லோரையும் கூப்பிட்டேன். கத்தவில்லை, டாக்டரம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

"சினை நண்டைக் கடல்ல விடச் சொன்னா விட மாட்டீங்க. சரி, விட வேண்டாம். கூண்டுல போடுங்க. பொரிஞ்ச பிறகு கொண்டாங்க, நான் எடுத்துக்கிறேன். உங்க நண்டு உங்களுக்கு, குஞ்சு கடலுக்கு. இத்தனை நாளு ஒளிச்சு வச்சுச் செஞ்சதைத்தான் வெளிச்சத்துல செய்யச் சொல்றேன்."

தலையை ஆட்டினார்கள். நல்ல யோசனை என்றார்கள். பிறகு ஆளுக்கொரு கேள்வி. இரை யார் போடுவது? ராத்திரி திருட்டுப் போனால் யார் பதில் சொல்வது? செத்துப்போன நண்டு யார் கணக்கு? ஈஸ்டருக்காக இரவும் பகலும் காவல் காத்தவர்கள் கேட்கிற கேள்வி.

எஸ்தாக்கி அண்ணன் முடித்து வைத்தார். "யாராவது ஒருத்தர் பொறுப்பா எடுத்துச் செஞ்சா நடக்கும்."

"அந்த யாராவது யாருண்ணே?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரரின் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முனைக்கு நடந்தேன். அவர் பின்னால் வரவில்லை. நீலக் கயிற்றுக் கூண்டு இன்னும் அங்கேதான் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கொடுக்கைக் கட்டிப் போட்டேன். ஒன்று கடித்துவிட்டது.

ஏப்ரல் 4, வியாழன்

வாடி வேலை முடிந்து மீன் தலை பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு போய்த் தண்ணீரில் இறங்கினேன். திரும்பி வந்து சோறாக்கினேன். வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஈரத்துணி இன்னும் நாற்காலியில்தான் காய்கிறது.

ஒரு நண்டின் முட்டை பழுப்பாகியிருக்கிறது. காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஏப்ரல் 8, திங்கள்

பிரஷர் பார்க்கப் போனேன். ஏறியிருக்கிறது. "எழுதுறீங்களா?" என்றார் டாக்டரம்மா. எழுதுகிறேன் என்றேன். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். வர இருட்டிவிட்டது, இன்று கூண்டுக்குப் போக முடியவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

விடியும் முன்னே ஓடினேன். ஒருநாள் பட்டினியில் ஏதாவது செத்துக் கிடக்கும் என்று பயம்.

கூண்டில் நண்டு அதிகமாகியிருந்தது. நான் போட்டதை எனக்குத் தெரியும், என் ரப்பர் பேண்ட். மற்றவை வேறு. சிலதின் கொடுக்கை வலை நூலால் கட்டியிருந்தது. சிலதைச் சாக்குச் சணலால். எஸ்தாக்கி அண்ணன் வீட்டுக் கட்டு மாதிரி ஒன்று, கொடுக்கைச் சேர்த்து இரட்டை முடிச்சு. இன்னும் இரண்டு, பட்டையாகக் கிழித்த, உடுத்திப் பழசான சாரத் துணியால் கட்டியது, அந்தக் கட்டம் போட்ட சாரத்தை எத்தனையோ தடவை நான்தான் துவைத்திருக்கிறேன். எல்லாம் சினை நண்டு. மஞ்சள் முட்டை.

கரையில் ஒவ்வொருவரையும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கூண்டருகே குச்சியில் நான் மாட்டி வைத்திருந்த இரை வாளியைப் போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கவிழ்த்து வைத்தேனோ அப்படியே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. எடுத்துக்கொண்டு மீன் தலை பொறுக்கப் போனேன்.